மூன்று மாதச் சர்க்கரை

என் மாமாவுக்கு, எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள்.

பாசம் அவ்வளவுதான். இனி வைவதற்காகத்தான் இந்தக் கடிதம். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல நம் மருமகள் எழுதுகிறாள்.

துணி வியாபாரி கருமத்தம்பட்டிக்கு வருகிறார் என்றால், முந்தின நாள் தறிக்கூடத்தைக் கூட்டிப் பஞ்சு தட்டிப் பளிச்சென்று வைப்பீர்கள். ரத்தத்திலும் அதே வேலையைத்தான் செய்தீர்கள். சர்க்கரை டெஸ்டுக்கு லேபுக்குப் போக நாலு நாள் இருக்கும்போதே டீயில் சர்க்கரை நின்றுவிடும். காலையில் பாகற்காய்ச் சாறு. நல்ல நம்பர் வந்ததும், திரும்பும் வழியிலேயே பேக்கரியில் தேங்காய் பன். அந்தப் பேக்கரிக்காரர் தன் மகள் கல்யாணத்தன்றுகூடக் கடையை மூடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அங்கேதான் டீ குடித்தார்கள். அது வேறு கதை, விடுங்கள்.

மூன்று மாதச் சர்க்கரையைப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது என்ன சொன்னீர்கள்?

"அதெல்லாம் லேபுக்காரன் பொழைக்கறதுக்குங்க. நம்பரு சுத்தமா இருக்குதல்லொ?"

என் பக்கம் திரும்பி, "நீ பேசாம இரு அம்மணி" என்றீர்கள். நான் பேசாமல் இருந்தேன். உங்கள் கிட்னி பேசாமல் இருந்ததா? அதுதானே உங்களைக் கொண்டுபோயிற்று.

போன வாரம் நம் மகன் குமார் பாகற்காய் அரைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் சர்க்கரை வந்துவிட்டது, உங்களுக்கு வந்ததைவிடச் சின்ன வயதில்.

"ஏண்டா, லேபுக்குப் போறயா?"

"ஆமாங்கம்மா. அப்பா வைத்தியம்" என்று சிரித்தான்.

சுவரில் இருந்த உங்கள் போட்டோவைக் கழற்றி வீசலாம் போல இருந்தது. வீசவில்லை. அவனை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். நாம் தறிக்காரர்கள் என்பதால் அவர் அந்தக் கணக்கிலேயே சொன்னார்.

"துணிய நல்லாத்தான் நெய்யறீங்க. நெய்ஞ்சு முடிச்சப்பறம் அதுல ஆயில் தெறிச்சாக் கறை போகுமா? ரத்தத்துல செவப்பா இருக்கறது ஒரு புரதமுங்க. ஒடம்பு அதைச் சரியாத்தான் செஞ்சு அனுப்புது. அப்பறம் சர்க்கரை போயி ஒட்டிக்குது. அந்தச் செவப்பணு சாகற வரைக்கும் எறங்காது. நாலு நாள் பட்டினி கெடந்தாலும் மூணு மாசத்துக் கதையை அது சொல்லிப்போடும். கிட்னியிலயும் கண்ணுலயும் இருக்கற புரதத்தையும் இப்படித்தானுங்க ஒட்டி ஒட்டிக் கெடுக்குது."

ரிசல்ட் வந்தது. வெறும் வயிற்று நம்பர் நல்ல பிள்ளை. மூன்று மாத நம்பர் உச்சத்தில். கிட்னி இன்னும் கெடவில்லை, இப்போதே அடக்கினால் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. உங்களுக்கும் ஒரு காலத்தில் இதே நேரம் இருந்ததுதானே? அதைப் பாகற்காயை வைத்து மூடி மறைத்தது யார்?

மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அத்தை, செத்தவங்கள இத்தனை வையோணுங்களா?"

"எழுது கண்ணு. உசுரோட இருந்தப்ப வஞ்சிருந்தா நீ இன்னைக்கு எழுதவே வேண்டியதில்லை."

வருகிற அமாவாசைக்கு உங்களுக்குப் பிடித்த வெல்லக் கச்சாயம் சுட வேண்டுமாம், குமார் கேட்கிறான். படைத்ததை நீங்களா தின்னப் போகிறீர்கள்? அவன்தான் தின்பான். அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். அவனுடைய மூன்று மாத நம்பர் இறங்கும் வரை உங்கள் இலையில் இனிப்புக் கிடையாது. கொள்ளுப்பருப்பும் கீரையும்தான். காக்கையாக வந்து ஓட்டின் மேல் உட்கார்ந்து எவ்வளவு கத்தினாலும் சரி, இது சத்தியம்.

இனிப் பேசாமல் இருக்காத உங்கள் பெண்டாட்டி,
குமாரின் அம்மா