ஏழு நாள் கெடு

ஒரு காலில் மட்டும் ஷூ. வாசலில் ஆம்புலன்ஸோடு வந்து நின்ற கூட்டாளி ஹாரனை அலறவிட்டான். "வந்துட்டேன்யா!" என்று கத்திக்கொண்டே, டிரைவர் ஃப்ரிட்ஜ் கதவில் தாளை வைத்து மனைவிக்குக் கிறுக்கினான்.

"சோறு குக்கர்ல இருக்கு. சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட. குழாய்க்காரர் பத்து மணிக்கு வருவார்.

உன் வெளிநாட்டு நர்ஸ் வேலைக்காக நாம ரெண்டு பேரும் ஏழு நாள் தனித்தனியா ஜெபம் பண்ணிட்டு, இன்னிக்குப் பதில் சொல்றதா பேச்சு. நான் வர லேட்டாகும். அதான் எழுதிட்டேன். போயிட்டு வா. ரெண்டு வருஷம்தானே! அன்னிக்கு நான் 'போனா அப்படியே போயிடு'ன்னு கத்தினது பயத்துல, உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல."

ஹாரன் மறுபடி அலறியது. தாளின் அடியில் நெருக்கி எழுதினான்.

"இன்னொண்ணு. கடவுள் முதல் நாளே 'அனுப்பு'ன்னுட்டார். மிச்ச ஆறு நாளும் வேற பதில் கேட்டு நான்தான் அவரை நச்சரிச்சேன்."