காதுக்காரர் கேட்டது

மார்ச் 4, செவ்வாய்

608ஆம் எபிசோட். ஏழு மணிக்கு மேக்கப் போட்டு உட்கார வைத்தார்கள். முதல் ஷாட் பதினொன்றரைக்கு. அதுவரை நாற்காலிதான் கதி. எதிரே காதுக்காரர் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். செட்டில் யாரும் அவரை வேறு பெயரில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கு மைக் மாட்டும்போது மட்டும் அவர் கை நடுங்குகிறது. ஐம்பத்து நான்கு வயதில் என்ன நடுக்கம்? ஐம்பத்திரண்டு வயதில் அதைக் கவனிக்க எனக்கு என்ன வந்தது?

உடைப் பிரிவுப் பெண் ஊசி, நான் கேட்காமலே என் ரவிக்கைக் கையைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தாள். காலர் மடிப்பில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருப்பதால் அந்தப் பெயர். நாலு வருடமாக என்னை அக்கா என்கிறாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அவள் இருக்கிறாள், போதும்.

மார்ச் 6

வாய் தவறிவிட்டது.

சீரியலில் என் மகனாக நடிக்கும் ஹீரோ, கதாசிரியரிடம் சொல்லி என் பாத்திரத்தைச் சாகடிக்கப் பார்க்கிறானாம். நாற்பது பேர் முன்னால் கத்தினேன். "நீ நல்லாவே இருக்க மாட்டே." என் வாயிலிருந்தா இது வந்தது? வீட்டில் மகளிடம் சொன்னேன். வேலையை விட்டுவிடச் சொன்னாள், தான் இருக்கிறாளாம். இருபது வருடமாக நானும் அவளும்தான். அந்த ஒரு சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மார்ச் 18

காலையில் ஹீரோ தானாகவே வந்தான். கதாசிரியரிடம் பேசிவிட்டதாகவும், என் பாத்திரம் தொடரும் என்றும் சொன்னான். "இன்னும் கோவமாம்மா?" இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மதியக் காட்சியில் நான் தம்ளரில் பால் கொடுக்க வேண்டும். அவன் குடித்துவிட்டு வசனம் பேச வேண்டும். குடித்தான். வசனம் வரவில்லை. மறந்துவிட்டான் என்று டைரக்டர் சிரித்தார். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தான். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இருபத்தொன்பது வயது.

மார்ச் 20

பாலில் விஷமாம். கொடுத்தது என் கை. இரண்டு வாரத்துக்கு முன் சபித்தது என் வாய். யாருக்குத்தான் சந்தேகம் வராது?

மார்ச் 22

மூன்றாவது நாளாக ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் அம்மா மரியாதையாகத்தான் கேட்கிறார், ஆனால் அதே கேள்விகள். செட்டில் இருந்து ஒருவரும் போன் எடுப்பதில்லை. காதுக்காரர் மட்டும் தினமும் காரில் கூட்டிப்போய், வெளிப்பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். எதுவும் கேட்பதில்லை. இன்று அவரிடம், நான்தான் செய்தேன் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா என்று கேட்டேன். "சீட் பெல்ட் போடுங்க," என்றார்.

மார்ச் 23

ஊசி வீட்டுக்கு வந்தாள். என் மடியில் தலை வைத்து அழுதாள். "நீங்க செஞ்சிருக்க மாட்டீங்கக்கா. எனக்குத் தெரியும்."

மார்ச் 25

ஸ்டேஷன் வாசலில் ஹீரோவைப் பெற்ற தாய். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவரே வந்து என் கையைப் பிடித்தார். வீட்டில் மகன் என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசுவானாம். எனக்கு அந்தக் கை ஆயுசுக்கும் போதும்.

மார்ச் 30, ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

காதுக்காரரிடம் ஒரு பழக்கம் இருந்திருக்கிறது: காலையில் ரெக்கார்டரைப் போட்டால் படப்பிடிப்பு முடியும்வரை அணைக்க மாட்டார். கம்பெனி அதற்கு அனுமதிப்பதில்லை, நடிகர்கள் சொந்தப் பேச்சு பேசுவார்களே. தெரிந்தால் வேலை போகும். அதனால் போலீஸுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கேமராவில் பதிவானதை மட்டும் வாங்கிப்போனார்கள்.

பத்து நாளாக அன்றைய ஆறு மைக்குகளையும் முழுதாகக் கேட்டிருக்கிறார். என்னுடையதைக் கடைசியில். பால் காட்சிக்கு முன் நான் பலகைச் சுவருக்குப் பின்னால் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், காட்சிக்கான பால், தம்ளரெல்லாம் வைக்கும் சாமான் மேசை. நான் தூங்கினேன், ரவிக்கையில் மைக் விழித்திருந்தது.

அதில் ஒரு பெண் குரல், சாமான் பார்க்கும் பெரியவரிடம்: "நீங்க டீ குடிச்சிட்டு வாங்கண்ணே, நானே ஊத்தி வைக்கிறேன்." பிறகு கரண்டிச் சத்தம். வெகுநேரம். பிறகு, யாரிடமும் இல்லாமல்: "எனக்குச் சொன்னதையேதான் அவகிட்டயும் சொல்லியிருப்பே."

ஊசி.

ஐயோ, ஊசி.

பென் டிரைவை அவர் நேராக இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். முதலில் உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் தடுத்திருப்பீர்கள் என்றார். தடுத்திருப்பேனா? தெரியாது.

மார்ச் 31

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாளாம். மேசையை விட்டுப் போனதைச் சொல்லப் பயந்து, பாலைத் தானே ஊற்றியதாகச் சொல்லியிருந்த சாமான் பெரியவரும் உண்மையைச் சொல்லிவிட்டாராம். மூன்று வருடக் காதல், கல்யாணம் செய்துகொள்வதாக வாக்கு. போன மாதம் அவனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகி, கல்யாணத்துக்கான கோட்டுக்கு இவளையே அளவெடுக்கச் சொன்னானாம். இவளும் எடுத்திருக்கிறாள். தோள், மார்பு, கை நீளம் எல்லாம். மாரடைப்பு என்று நினைத்துவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறாள். பழி என்மேல் விழுந்தபிறகு சொல்லத் தைரியம் வரவில்லை. கைது செய்தபோது அவள் சொன்ன முதல் வாக்கியம், "அக்காவுக்கு எதுவும் தெரியாது."

கோபப்படப் பார்க்கிறேன். அழுகைதான் வருகிறது. என் மடியில் அழுதபோது எவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டு வந்தாளோ.

ஏப்ரல் 4

கம்பெனி காதுக்காரரை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. பதினேழு வருட வேலை. வீட்டுக்கு வரவழைத்து, என்னால்தானே என்றேன். காது இன்னும் இருக்கிறதே என்று சிரித்தார்.

பிறகு தரையைப் பார்த்தபடி, என் மைக்கில் இன்னொன்றும் இருந்ததாகச் சொன்னார். அன்று காலை மேக்கப் போடும் பெண்ணிடம் அவரைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது.

"அந்த இடத்துல ஹெட்போனைக் கழட்டி வச்சிட்டேன்," என்றார். "திருடிக் கேக்கக் கூடாதுன்னு தோணுச்சு. மீதிய நீங்க சொன்னா கேக்கலாம்."

சொன்னேன்.

ஜூலை 12, சனி

பார்வையற்றவர்களுக்குப் பாடப்புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் இடத்தில் அவருக்கு வேலை. சனிக்கிழமைகளில் நான் போய் வாசிக்கிறேன். இன்று வாசிப்பை முடித்துக்கொண்டு அங்கிருந்தே சிறைக்குப் போனோம். மகள் வேண்டாம் என்றாள், பிறகு அவளே மனு எழுதிக் கொடுத்தாள். அவர் வெளியே காத்திருந்தார்.

ஊசி இளைத்துப்போயிருக்கிறாள். தலை நிமிரவே இல்லை. நாலு வருடம் நன்றாகப் பார்த்துக்கொண்டாய் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லையே. நேரம் முடியப்போகும்போது மெதுவாகக் கேட்டாள், "தனியாவாக்கா வந்தீங்க?"

"இல்லம்மா. வீட்டுக்காரரோட வந்தேன்."

கல்யாணமாகி ஒன்பது நாள். அந்தச் சொல்லை முதன்முதலாகச் சொன்னது அவளிடம்தான். ஊசி நிமிர்ந்தாள், முகம் மலர்ந்தது, உடனே உடைந்து அழுதாள். நடுவில் கண்ணாடி. மணி அடிக்கும்வரை அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.