ராணிக்கு எதற்கு இரவல் குரல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும், ஆனால் நான் கோபமாக இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. உன் தம்பி மறுபடியும் ஓட்டுநர் தேர்வில் தோற்றுவிட்டு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக வண்டியைக் குறை சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் கிடக்கட்டும், எனக்கு உன் மேல்தான் ஆத்திரம். வேலை போக மிச்ச நேரத்தில் சம்பளமில்லாமல் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறாய் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். நீ அனுப்பிய நாடக வீடியோவைப் பார்த்த பிறகு வாயைத் திறக்க மனம் வரவில்லை.

ராணி வேஷம் போட்ட அந்தப் பெண்ணுக்குப் பேச்சு திக்கும், ஆனால் ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்து நிற்பாள், எல்லோருடைய வசனமும் அவளுக்கு மனப்பாடம் என்று நீதானே சொன்னாய்? அவளை மேடையில் வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிட்டு, திரைக்குப் பின்னால் வேறொருத்தியை உட்கார வைத்து மைக்கில் பேச வைத்திருக்கிறாய். ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லையப்பா என்று போனில் பெருமை வேறு! அவள் திக்கினால் குடியா முழுகிவிடும்? இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் வந்தவர்களுக்கு இடுப்பா ஒடிந்துவிடும்? உன் அம்மா, "அவ நல்லது நெனச்சுதானே செஞ்சிருக்கா, யாராவது சிரிச்சிருந்தா அந்தக் குழந்தை மனசு என்னாயிருக்கும்" என்று உனக்கு வக்காலத்து வாங்குகிறாள். நல்லது நினைத்துத்தான் செய்தாய், எனக்கும் தெரியும், அதனால்தான் கோபம் தலைக்கேறுகிறது. சிரிக்கிறவன் வாயை அடைக்கத் துப்பில்லாமல் அவள் வாயை அடைத்திருக்கிறாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே நாடகம் என்றாய். அதற்குள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நீயே பேசுகிறாயா என்று கேள். பேசுகிறேன் என்றால் மைக்கை அவள் கையில் கொடு, எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். மாட்டேன் என்றால் அது அவள் இஷ்டம். ஆனால் கேள், கேட்காமல் நீயே முடிவு பண்ணாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணு முழிக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னிடம் வரும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். வீடியோவில் கடைசியாகக் கைதட்டும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பார். மற்ற பிள்ளைகள் எல்லாம் குனிந்து வணங்குகிறார்கள், அவள் மட்டும் வணங்காமல் திரைப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அப்பா