ஷிஃப்டும் மாப்பிள்ளையும்

செவ்வாய், சிதம்பரம்

அனிமேஷன் சாஃப்ட்வேரை அப்டேட் செய்ததிலிருந்து என் விரலோடுதான் சண்டை. முன்பு கீபோர்டில் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு மவுஸால் இழுத்தால் உருவம் உயரமும் அகலமும் சேர்ந்து சீராகப் பெரிதாகும். இப்போது அழுத்தாவிட்டால்தான் சீராக வருகிறது, அழுத்தினால் நசுங்குகிறது. வருஷக்கணக்கான பழக்கம், விரல் தானாகப் போய் அழுத்திவிடுகிறது.

இன்று கல்யாண அழைப்பு வீடியோவில் பெண் பொம்மையை ஒட்டி முன்னால் நிற்கும் மாப்பிள்ளை பொம்மை அப்படித்தான் குள்ளமாக நசுங்கியது. கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பெண்ணின் அப்பா போன் செய்தார்.

"என்னாம்மா, மாப்ள பொண்ணு தோளுக்குத்தான் வராரு?"

"தப்பா வந்துடுச்சு சார், சரி பண்ணிடறேன்" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "நெஜத்துலயும் அப்படித்தாம்மா. அதனாலதான் போட்டோ வேணாம், பொம்மையா போடுங்கன்னு சொன்னோம். அவுங்க வூட்ல பாத்தா கிண்டல் பண்றோம்னு நெனப்பாங்க."

மறுபடி உட்கார்ந்தேன். உயரத்தை மட்டும் கூட்ட ஷிஃப்டை அழுத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அகலமும் சேர்ந்து பெருத்துவிடும். நாள் முழுக்க என்னிடம் திட்டு வாங்கிய விரல் இந்த ஒரு தடவை போகவில்லை. கண் எரிச்சலில் நானும் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

படுக்கப் போகும்போது அவருடைய வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது.

"உயரம் சரியாயிடுச்சும்மா. பொண்ணு எங்க?"