பச்சைக்கு மாறாத விளக்கு

ஏப்ரல் 3, 2025

பால் திரிந்துவிட்டது. கேஸ் புக் செய்ய மறந்துவிட்டேன். காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் வாங்கி நாலு நாளாகிறது. விளக்கு இன்னும் சிவப்பு. பச்சை எரிந்தால் நல்ல காற்று, சிவப்பு என்றால் மோசம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஜன்னலெல்லாம் சாத்தி, ராத்திரி பகலாக ஓடவிட்டும் சிவப்புதான்.

“நவ்ரீனுக்கு வீசிங் நிக்கலைனா ஜூன்ல அக்கா வீட்டுக்கு அனுப்பிடலாம். தாம்பரத்துல ஸ்கூல் பார்த்து வச்சிருக்கா,” என்று என் கணவர் ஜாபர் முடிவாகச் சொல்லிவிட்டார். என் ஒரே பெண், பதிமூன்று வயது. என்னை விட்டு ஒரு வாரம் இருந்ததில்லை. இல்லை — நான்தான் அவளை விட்டு இருந்ததில்லை.

ஆகவே இந்த மெஷின் பச்சை காட்டியே தீரவேண்டும்.

ஏப்ரல் 5

தண்டையார்பேட்டைக் கடை. வாங்கப் போன அன்று, “உக்காருங்கக்கா, கூல்டிரிங்க்ஸ் சொல்லட்டா?” மாற்றித் தரச் சொன்ன இன்று நாற்காலியையே காணோம். “விக்கிறதோட எங்க வேலை முடிஞ்சுதும்மா. கம்பெனில பேசுங்க.” ஒரே வாரத்தில் அக்கா அம்மாவாகிவிட்டாள். பழுதான பொருளுக்கு விற்றவரும் பொறுப்புதான், சட்டம் இருக்கிறது என்றேன்.

“நீங்க சட்டம் பேசுனா நாங்க எப்டிம்மா யாவாரம் பண்றது?”

ஏப்ரல் 9

கம்பெனி மெக்கானிக் வந்தார். ஜெயவேல், வியாசர்பாடிக்காரர். வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாக்கா, கேஸ தொறந்து வுட்டுகினு கீறீங்களா?”

பதறிப்போய் அடுப்படிக்கு ஓடினேன். சிலிண்டர் மூடித்தான் இருந்தது. நானும் நவ்ரீனும் மாறி மாறி மோந்து பார்த்தோம். ஒரு வாசனையும் இல்லை. “சளி பிடிச்சிருக்கா தம்பி?” என்று அக்கறையாக விசாரித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 12

அண்ணா நகர் சர்வீஸ் சென்டரிலிருந்து அவரே ஃபோன் செய்தார். “மெஷின் சூப்பரா கீதுக்கா. ஆன் பண்ண ஒடனே பச்சை.”

மாலை வீட்டுக்கு வந்தது. சிவப்பு.

ஏப்ரல் 21

நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். “அண்ணா நகர்ல வேலை செய்யுது. எங்க வீட்ல, மாத்தூர்ல, செய்யமாட்டேங்குது.” எதிர்முனையில் இருந்த பெண் புகாரை எனக்கே திரும்ப வாசித்துக் காட்டினாள். பிறகு, “சபீஹா மேடம், இது மெஷின்தானே?” என்றாள்.

ஏப்ரல் 28

வெற்றி! கம்பெனி புது மெஷின் தர ஒப்புக்கொண்டுவிட்டது. நம் உரிமையை நாம்தான் கேட்டு வாங்கவேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். ஜாபர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 30

புது மெஷின். புத்தம் புதுச் சிவப்பு.

“மெஷின மாத்தலாம்க்கா, ஏரியாவ எப்டி மாத்துறது?” என்றார் ஜெயவேல். “வோணும்னா லைட்டு மேல கருப்பு டேப் ஒட்டி வுடவா? பக்கத்துல மணலி ஏரியால ரெண்டு வூட்ல ஒட்டிகுட்தேன். அப்பாலிக்கா கம்ப்ளைண்டே வர்ல.”

நவ்ரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இன்ஹேலர் அடித்த பிறகுதான் அடங்கியது. டேப் வேண்டாம் என்றேன்.

மே 13

எழுந்து பார்த்தால் — பச்சை! ஜெயவேலுக்கு ஃபோன் போட்டேன்.

“தம்பி, புது மெஷினும் கெட்டுப்போச்சு. பச்சையா எரியுது.”

சிரித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. “எக்கா, உங்க வூட்டாண்ட கீற ஃபேக்டரிய மெயின்டனன்ஸுக்கு மூடிகீறாங்கோ. அதான். அன்னிக்கு அடிச்ச கேஸ் நாத்தமும் அதோடதுதான். நல்லா மூச்சு வுட்டுக்கோங்கோ.”

ஜன்னலைத் திறந்தேன். புகைபோக்கி சும்மா நின்றுகொண்டிருந்தது. நவ்ரீன் இன்று இன்ஹேலரைத் தொடவில்லை. நேற்றும்தான் தொடவில்லை. எப்படிக் கவனிக்காமல் போனேன்?

மே 17

சிவப்பு.

மே 18

இன்னொரு புகார் எழுத உட்கார்ந்தேன். நுகர்வோர் படிவத்தில் முதலில் கேட்பது பில். காற்றுக்கு யார் பில் போட்டுக் கொடுத்தார்கள்? அடுத்து: பணம் திரும்ப வேண்டுமா, மாற்றித் தரவேண்டுமா? மாற்றித்தான் தரவேண்டும். யார் தருவார்கள், எந்தக் கடை? பாதியில் வைத்துவிட்டு ஜாபரிடம் போனேன். “உங்க அக்காகிட்ட பேசிடுங்க.”

‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 3

மெஷினையும் நவ்ரீனோடு கொடுத்தனுப்பிவிட்டேன். தாம்பரத்திலிருந்து ஃபோட்டோ வந்திருக்கிறது. மாமி வீட்டு அலமாரி மேல் பளிச்சென்று பச்சை. கீழே எழுதியிருக்கிறாள்: “மம்மி, சரியாயிடுச்சு!”

இங்கே இப்போது எந்த விளக்கும் எரியவில்லை. காற்று நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வாசனையும் இல்லை.