ஏற்கெனவே உள்ள வருத்தம்

2025 மே 13, செவ்வாய்
நாரந்தனை

முன்பள்ளி முடிந்து வந்து கதிரையில் இருந்தால் எழும்ப மனம் வருகுதில்லை. பிள்ளைகளோடு கத்துகிற அலுப்பா, வயதின் அலுப்பா, தெரியாது.

மகள் நிலக்சனா மெல்பேர்ணிலிருந்து போன் எடுத்தாள். யூலை விடுமுறைக்கு சிங்கப்பூரிலிருந்து கப்பல் பயணமாம். எங்களுக்கும் சேர்த்து ரிக்கற் போட்டுவிட்டாள். "அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் ஒருநாளும் ஒரு இடமும் போகேல்லை." உண்மைதான். என் கணவர் லியோன் சிரித்தார். வாழ்நாள் முழுக்கக் கடலில் தொழில் செய்த மனுசனுக்குக் கடல் காட்டப் போகிறாள்.

"பயணக் காப்புறுதியை மட்டும் அங்கையே எடுங்கோ அம்மா." அதுவும் என் தலையில்.

மே 17, சனி

யாழ்ப்பாணம் போய் வந்தேன். முதல் இடத்தில் மலிவு. ஆனால் கப்பலில் நோய், வருத்தம் வந்தால் செல்லாதாம். பிறகேன் அது? இரண்டாவது இடத்துப் பிள்ளை பொறுமையாக விளங்கப்படுத்தினாள். கப்பல் டொக்டர், கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகிற செலவு, வெளிநாட்டு ஆஸ்பத்திரி எல்லாம் அடக்கம். கடைசியில் கேட்டாள், "ஆருக்கும் ஏற்கெனவே வருத்தம் ஏதும் இருக்கோ, அன்ரி?"

லியோனுக்கு இரண்டு வருசத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததைச் சொன்னேன். அப்படியென்றால் கட்டணம் கூடும், டொக்டரின் கடிதமும் வேணும் என்றாள்.

பஸ்ஸில் வேலணை வரைக்கும் நின்றுகொண்டு வந்தேன். முதுகு நோகிறது.

மே 18, ஞாயிறு

மருமகன் றெக்ஷன் எடுத்தார். "மாமி, ஸ்டென்டைப் பற்றிச் சொல்லாதேங்கோ. ஆர் பாக்கப் போகினம்?"

லியோனும் அவர் பக்கம். "நான் நல்லாத்தானே இருக்கிறன். நீர் ஏன் என்னை நோயாளியாக்கிறீர்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நடுக்கடலில நெஞ்சைப் பிடிச்சால் அவங்கள் முதல் தேடுறது உந்த ஸ்டென்டைத்தான், மறைச்சது தெரிஞ்சால் ஒண்டும் தரமாட்டாங்கள், பிறகு மகள் தன்ர வீட்டை வித்தோ உங்களைக் கரை சேர்க்கிறது என்று கேட்டேன்.

அதோடு கதையை விட்டுவிட்டார். சாப்பிடவும் இல்லை. எனக்குக் கெஞ்ச ஏலாது.

யூன் 2

காப்புறுதி கிடைத்துவிட்டது. அவருக்கு இதய வருத்தத்தையும் சேர்த்து. எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். பொய்யில்லை. ஒரு டொக்டரும் எனக்கு வருத்தம் என்று சொன்னதில்லை. போய்க் காட்டினால்தானே சொல்வார்கள்.

யூலை 8, கப்பலில்

"இது கப்பலில்லை, மிதக்கிற ஹோட்டல்" என்கிறார் லியோன். ஆனாலும் பேரப்பிள்ளைகளோடு மேல்தட்டை விட்டு அசைகிறாரில்லை. நான் வந்து படுத்துவிட்டேன். படியேற இளைக்கிறது. தாடையும் நோகிறது. பல்லாக இருக்கும்.

யூலை 10, பினாங்கு ஆஸ்பத்திரி

நேற்றுக் காலைச் சாப்பாட்டு மேசையில் வியர்த்துக் கொட்டியது. லியோன் என்னைத் தாங்கிப் பிடித்தது ஞாபகம். பிறகு கப்பல் டொக்டரின் அறை. எவ்வளவு காலமாகக் களைப்பும் இளைப்பும் என்று அந்தப் பெண் டொக்டர் கேட்டார். அந்தக் கேள்வியை நிலக்சனா எனக்குத் தமிழில் சொன்னாள்.

றெக்ஷன் குனிந்து மெல்லமாக, "மாமி, நேற்றுத்தான் தொடங்கினது எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டில் காப்புறுதிக்காரர் பழைய வருத்தம் எண்டிடுவினம்" என்றார்.

லியோன் அவரைப் பார்த்தார். "தம்பி, சும்மா இரும். டொக்டருக்குப் பொய் சொல்லி மனுசி செத்தால் காப்புறுதி ஆருக்கு?" பிறகு என்னிடம், "உள்ளதைச் சொல்லும்."

தவக்காலத்திலிருந்து, நாலு மாதமாக, என்று சொன்னேன்.

லியோனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அவரின் மருந்து, அவரின் உப்பு, அவரின் கிளினிக் என்றே ஓடிவிட்டது.

மாரடைப்பு. கப்பல் பினாங்கை அடைந்ததும் இங்கே ஏற்றி வந்து, எனக்கும் ஸ்டென்ட்.

யூலை 13

காப்புறுதிக்காரர் இன்னும் ஓமென்று சொல்லவில்லை. ஊரில் மருந்து எடுத்த விபரம் கேட்கிறார்கள். எடுத்தால்தானே விபரம். கப்பல் போய்விட்டது, பிள்ளைகளின் விடுமுறையும் இந்த ஆஸ்பத்திரி வாசலில் போகிறது. நிலக்சனா போனும் கையுமாக நிற்கிறாள். றெக்ஷன் ஆஸ்பத்திரிப் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். என்னை ஏசினாலும் பரவாயில்லை.

உள்ளதைச் சொன்னது பிழையோ?

யூலை 15

ஒத்துக்கொண்டார்களாம். டொக்டர் ஒருவரும் கண்டுபிடிக்காத வருத்தத்தைப் பழைய வருத்தமாக எடுக்கமாட்டார்களாம். ஆஸ்பத்திரிச் செலவும், பிந்திப் போகிற பிளேன் ரிக்கற்றும் அவர்கள் பொறுப்பு.

றெக்ஷன் கட்டிலடியில் வந்து நின்று, "குறை நினைக்காதேங்கோ மாமி" என்றார். அழுதுவிட்டேன். அவரில் கோபமில்லை. அலுத்துப்போச்சு, அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 6, புதன்
நாரந்தனை

கிளினிக் போனோம். வரிசையில் இருந்த மனோகரி அக்கா வழக்கம்போல, "லியோனுக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டா. "இண்டைக்கு எனக்கில்லை அக்கா, இவவுக்கு" என்று லியோன் சொல்லிவிட்டு, இருந்த ஒரு கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். அவர் சுவரோடு நின்றார்.

உள்ளே டொக்டர், நடக்கும்போது இப்போது ஏதும் கஷ்டம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"இருக்கு டொக்டர்" என்றார் லியோன். "குசினியால கிணத்தடிக்குப் போகேக்கை நடுவில ஒருக்கா நிக்கிறா. வேலியைப் பாக்கிற மாதிரி நிக்கிறா."

எப்போது கவனித்தாரோ. டொக்டர் மருந்தை மாற்றி எழுதினார்.