கதைச்சுருக்கத்தின் கடைசி வரி

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

உன் ஆமை எழுதுகிறேன். நான் நலம். நீ நலமாக இருப்பதாகப் போனில் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுகிறாய், அதனால் அதை விசாரித்து ஒரு வரியை வீணாக்கவில்லை. இன்று கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. சாப்பாட்டு மேஜையில் உன் நாற்காலி மேல் துவைத்த துணி மலைபோல் கிடக்கிறது. மடிக்க மனமில்லாமல் என் பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் போன் இருக்க இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் எதைக் கேட்டாலும் "அப்புறம் சொல்றேங்க" என்று வைத்துவிடுகிறாய். கடிதமானால் நீ பதில் சொல்கிற வரைக்கும் உன் மேஜை மேலேயே கிடக்கும்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. பிளம்பர் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று இழுத்தடிக்கிறார். அடியில் வாளி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் நானும் அவரை அதிகம் நெருக்கவில்லை, வீட்டில் ஏதோ ஒரு சத்தமாவது கேட்கட்டுமே என்றுதான். மாடி வீட்டு டீச்சர் உன்னை விசாரித்தார். முன்பெல்லாம் "எப்ப வராங்க?" என்று கேட்பார். இப்போது "எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்கிறார். நான் இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டி வைக்கிறேன்.

கடை பழையபடிதான். லென்ஸ் வெட்டுகிறவர், கடையிலேயே தடிமனான கண்ணாடி போட்டிருப்பவர் என்பதால் பவர் என்று நீ பெயர் வைத்தாயே, அவர் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். போன வாரம் ஒரு லாரி டிரைவர் கண் பரிசோதனைக்கு வந்தார். லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயத்தில், வெளியே காத்திருந்தபோதே எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்திருக்கிறார். நான் பலகையின் விளக்கை அணைத்த பிறகும் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கோ கண் கலங்கிவிட்டது. "இது பரீட்சை இல்லீங்க. தப்பான பதில்னு ஒண்ணு கிடையாது. உள்ளது உள்ளபடி சொன்னாத்தான் கண்ணாடி சரியா வரும்" என்று சமாதானப்படுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது கண்ணாடியோடு நிம்மதியாக வண்டி ஓட்டுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போன பிறகு சாயங்காலங்களைத் தள்ள முடியாமல் நான் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன் அல்லவா? நாவல் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் உன்னிடம் "சும்மா கிறுக்கறேன்" என்றுதான் சொன்னேன். இப்போது புத்தக ஏஜென்ட் ஒரு அம்மாளே அதை நாவல் என்று சொல்லிவிட்டார். இனி நானும் சொல்லலாம். வீட்டுக்குப் புரோக்கர் மாதிரி புத்தகத்துக்கு ஏஜென்ட். அவர் கைக்குப் போனால்தான் பதிப்பகத்தார் திரும்பிப் பார்ப்பார்கள். அவரைத் திரும்பிப் பார்க்கவைக்க நாம் ஒரு விண்ணப்பக் கடிதம் எழுத வேண்டும். அதில் கதையை எவ்வளவு சொல்வது, எவ்வளவு மறைப்பது என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

முதல் தடவை ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கதாநாயகியின் பெரியம்மாவுக்கு மூட்டுவலி என்பது வரைக்கும் எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. அடுத்த தடவை ரோஷத்தில், "ஒரு பெண் ஊரைவிட்டுப் போகிறாள். பிறகு என்ன ஆனது?" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். ஒரு ஏஜென்ட், "அதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும்" என்று ஒரே வரியில் பதில் போட்டார். டீச்சரோ, "எல்லாத்தையும் சொல்லிடுங்க சார், மறைச்சா நமக்கே தெரியலையோன்னு நினைப்பாங்க" என்றார். பவர், "முடிவைச் சொல்லிட்டா அப்புறம் எவன் சார் படிப்பான்?" என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் இதுவரை ஒரு புத்தகமும் படித்ததில்லை, ஆனாலும் பேச்சு மட்டும் அப்படி. நான் பவர் பேச்சைக் கேட்டேன். கதையை ஆரம்பித்து, சிக்கலைச் சொல்லி, பஸ் வந்து நிற்கிற இடத்தில் நிறுத்தினேன். அதற்குத்தான் இந்த அம்மாள் போன் செய்தார்.

கதை என்னவென்று உனக்குத் தெரியாது. கோபித்துக்கொள்ளாமல் கேள். ஒரு பெண் வேலைக்காகத் தூரத்து ஊருக்குப் போகிறாள். நான் அவளை உன்னைப்போல் நர்ஸாக்கவில்லை, பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை கொடுத்திருக்கிறேன். புருஷனுக்குச் சாவி செய்கிற கடை. ஒப்பந்தம் முடிந்ததும் வருவதாகச் சொல்லிப் போகிறாள், அது நீள்கிறது, மறுபடி நீள்கிறது. கடைசியில் ஒரு தேதி சொல்கிறாள். அவன் பஸ் நிலையத்தில் காத்திருக்கிறான். பஸ் வருகிறது. கதவு திறக்கிறது. அங்கே முடித்துவிட்டேன். யாரென்று கண்டுபிடிக்க முடியாதபடி எழுதியிருப்பதாக எனக்கு நினைப்பு. டீச்சர் படித்துவிட்டுத் தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "சாவிக்கடைக்காரர் நல்லவர் சார், ஒழுங்கா சாப்பிடச் சொல்லுங்க" என்றார்.

ஏஜென்ட் அம்மாள் போன் செய்தபோது பரிசோதனை நாற்காலியில் ஒருவர் கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணில் லென்ஸும் மறு கண்ணில் மறைப்புமாக உட்கார்ந்திருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். அம்மாளுக்கு எழுத்து பிடித்திருக்கிறதாம். அடுத்த வாரம் ஒரு பதிப்பகத்திடம் பேசப்போகிறாராம். அதற்கு முன்னால் ஒரு பக்கத்தில் கதைச்சுருக்கம் வேண்டும், அதில் முடிவும் இருக்க வேண்டும் என்றார். நான் பெரிய எழுத்தாளன் தோரணையில், முடிவைப் படிப்பவர் ஊகத்துக்கு விட்டிருக்கிறேன் என்றேன். "நான் படிக்கிறவ இல்ல சார், விக்கிறவ. என்கிட்ட மறைக்காதீங்க. பஸ்லேர்ந்து அவ இறங்கறாளா, இல்லையா?" என்று கேட்டார். இறங்கலாம், இறங்காமலும் இருக்கலாம் என்று மென்று முழுங்கினேன். உடனே அவர், "நீங்க மறைக்கல. உங்களுக்கே தெரியல, அப்படித்தானே?" என்றார். எங்கிருந்தோ பேசுகிற, முகம் தெரியாத பெண். கடை வாசலில் நின்று ஆமாம் என்றேன்.

எதுவானாலும் விற்றுத் தருகிறேன், இல்லாத முடிவை மட்டும் விற்க முடியாது என்று சொல்லிவிட்டு இன்னொன்றும் கேட்டார். நடுவில் ஒரு அத்தியாயம் வருகிறதே, அந்த ஊரில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாளே, அப்படி இருக்கிறவள் எதற்காகப் பஸ் ஏறப்போகிறாள் என்று. டீச்சருக்கும் அந்த அத்தியாயம்தான் பிடித்தது. அது எனக்கு எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? நீ போனை எடுக்கும்போது, ஹலோ சொல்வதற்கு முன்னால், யாரோடோ சிரித்துக்கொண்டிருக்கிற சத்தம் ஒரு நொடி கேட்கும். பின்னால் யாராவது உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே உன்னைக் கண்ணாடிக்கடைக்காரர் வீட்டம்மா என்றுதானே எல்லாரும் சொன்னார்கள்? அப்புறம் நீ ஹலோ என்பாய். அந்த ஹலோவில் சிரிப்பு இருக்காது. சாப்பிட்டாச்சு, வேலை அதிகம், குளிர் ஜாஸ்தி, உடம்பைப் பாத்துக்கோங்க. லாரி டிரைவர் மாதிரி கடகடவென்று ஒப்பித்துவிட்டு வைத்துவிடுவாய். நான் அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டுதான் ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்று சாப்பாட்டு மேஜையில் என் நாற்காலியிலும் உன் நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான், என்ன செய்ய?

உன் தம்பி வந்திருந்தான். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன், "அக்கா புதுசா பீரோ வாங்கியிருக்கு மாமா, நிலைக்கண்ணாடி வெச்சது, போட்டோ அனுப்பிச்சு" என்றான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, குழாய் ஒழுகுவதைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டான். பாவம், அவனுக்குப் பொய் சொல்ல வராது. பெட்டியைப் பிரிக்காமலே காலம் தள்ளுகிறேன் என்று நீ சொல்வாய். பீரோ வாங்கினால் நல்லதுதான், துணி கசங்காது. எனக்கும் அந்தப் போட்டோவை அனுப்பியிருக்கலாம்.

எழுதுவதை நிறுத்திவிட்டுத் துணியை மடித்து வைத்துவிட்டு வந்தேன். உன் நாற்காலி இப்போது காலியாக இருக்கிறது. துணி கிடந்ததே தேவலை என்று தோன்றுகிறது.

சினிமாவுக்குப் போனால், கடைக்கு வருகிறவர்கள் யாராவது எனக்குக் கதையைச் சொல்லியிருப்பார்கள் என்று டிக்கெட் வரிசையிலேயே நீ ஆரம்பித்துவிடுவாய், நினைவிருக்கிறதா? "அந்தப் பொண்ணு கடைசில பொழைக்குதா இல்லையா, அத மட்டும் சொல்லிடுங்க, அப்புறம் நிம்மதியா பாக்கறேன்" என்று உயிரை எடுப்பாய். முன்னே நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். முடிவு தெரிந்துவிட்டால் படத்தில் என்ன இருக்கிறது என்று நான் கடைசி வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். நீ என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பாதிப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டே பார்ப்பாய். இப்போது அந்த வரிசையில் நான் நிற்கிறேன். முடிவு எனக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்குத் தனிமையாக இருக்கிறது. இதை நாவலில் எந்த இடத்திலும் எழுதவில்லை, சாவிக்கடைக்காரனுக்குக்கூடக் கொடுக்கவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன். ஆனால் தெரியாமல் இருப்பது தனிமையைவிட மோசமாக இருக்கிறது.

இரண்டு கதைச்சுருக்கமும் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கடைசி வரியைத் தவிர எல்லாம் ஒன்றுதான். முதலாவதில் அவள் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். பையைக் கீழே வைத்துவிட்டு, இவ்வளவு இளைத்துவிட்டீர்களே என்று அவனைத் திட்டுகிறாள். இரண்டாவதில் எல்லாரும் இறங்கிவிடுகிறார்கள், கதவு மூடிக்கொள்கிறது. அவன் கடையைத் திறக்கப் போகிறான். இரண்டாவதில் அவளைக் கெட்டவளாக எழுதவில்லை, அவனையும் உடைந்துபோனவனாக எழுதவில்லை. வேண்டுமானால் நீயே படித்துப் பார்.

கடையில் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வியைத்தான் உன்னிடமும் கேட்கிறேன். இந்த லென்ஸா, அந்த லென்ஸா, எது தெளிவாக இருக்கிறது? சிலர் என் மனசு நோகக் கூடாது என்று "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கெல்லாம் தலைவலிதான் மிச்சம். நீ எனக்காகப் பரிதாபப்பட்டு முதலாவதைச் சொல்லிவிட்டால் நாம் இரண்டு பேருமே மிச்ச ஆயுசுக்கும் தப்பான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரிய வேண்டியதுதான். நான் எதை விரும்புகிறேன் என்று கேட்காதே. அது மாடி வீட்டு டீச்சருக்கே தெரியும். இது பரீட்சை இல்லையம்மா. தப்பான பதில் என்று ஒன்று கிடையாது. மனப்பாடமாக ஒப்பிக்காமல், நன்றாகப் பார்த்து, தெரிகிறதைச் சொல். கடிதம் எழுத நேரமில்லை என்றால் போனில் ஒன்று அல்லது இரண்டு என்று சொன்னால் போதும். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஏஜென்ட் அம்மாளுக்குக் கடைசி வரியை எழுதி அனுப்பிவிடுகிறேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். போனை எடுக்கும்போது அந்தச் சிரிப்பை நிறுத்தாமலே ஹலோ சொல். எனக்கு ஒன்றும் ஆகிவிடாது.

இப்படிக்கு,
உன் ஆமை

பின்குறிப்பு: பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, ஈரம் ஏறும். ஒரு சாண் தள்ளி வை. கதவு சரியாக மூடவில்லை என்றால் முன்காலுக்கு அடியில் அட்டையை மடித்துக் கொடு. நிலைக்கண்ணாடியை ஜன்னலுக்கு எதிரே வைக்காதே, உனக்குக் கண் கூசும்.